பாட்டில் காத்திருக்கும், மூக்கு காத்திருக்காது

டிஸ்கி: யாரையும் குடிக்கச் சொல்லி எழுதலை. அளவாக் குடிச்சா உடம்புக்கு நல்லதுங்கற ஜல்லியும் இங்க கிடையாது. மதுவுல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2023-லேயே சொல்லிடுச்சு. குடியால ஒரு குடும்பம் சிதையறதைப் பக்கத்துல இருந்து பார்த்தவன் நான். அது எங்க பெரியப்பா வீட்டுக் கதை, இன்னொரு நாள் வச்சுக்கலாம். இந்தப் பழக்கமே இல்லாதவங்க இதைப் பட்டுப்புடவை பத்தின கட்டுரைன்னு நினைச்சுப் படிங்க. ஏன்னு கடைசியில புரியும்.

இனி மேட்டருக்கு.

2025 ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி, மெல்பர்ன் குளிர்ல, இருபத்தேழு வயசான ஒரு ஷிராஸ் பாட்டிலைத் திறந்தோம். 1998-ல பறிச்ச திராட்சை. விக்டோரியா மாநிலத்து கிராம்பியன்ஸ் மலைப் பக்கம், கிரேட் வெஸ்டர்ன்ங்கற சின்ன ஊரு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, இது விளம்பரப் பக்கம் இல்ல. ஒயின் பிரமாதமா இருந்துச்சு. அதுல சந்தேகமே இல்ல. ஆனா அன்னிக்கு ராத்திரி படுக்கப் போனப்ப எனக்குள்ள இருந்தது சந்தோஷம் மட்டும் இல்ல. நாங்க ஒரு தப்பு பண்ணிட்டோம். இருபத்தஞ்சு வருஷமா, ரொம்பக் கவனமா, பாசமா, பத்திரமாப் பண்ணின தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

கொசுவத்தியைச் சுத்திக்கங்க. வருஷம் 2000.

அப்ப நாங்க மூணு பேர். ஒண்ணு நானு. ரெண்டாவது, என் கூடவே ஆணி பிடுங்கின திருச்சிக்காரன் ஒருத்தன். அவனுக்கு நாங்க வச்ச பேர் 'மூக்கர்'. மூக்கு பெருசுன்னு இல்ல. வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே உள்ள சாம்பார்ல பெருங்காயம் கூடிப்போச்சுன்னு சொல்ற ஜாதி அவன். மூணாவது, யாழ்ப்பாணத்துக்காரர். எங்களை விடப் பத்து வயசு மூத்தவர், எங்களுக்கு 'அண்ணை'. ஈஸ்டர் லீவுல மூணு பேரும் அண்ணையோட பழைய கார்ல மெல்பர்ன்லேர்ந்து மேற்கே கிளம்பினோம். பல்லாரட் தாண்டி, அராரட் தாண்டி, இருநூறு கிலோமீட்டருக்கு மேல போனா ரோட்டோரமா கிரேட் வெஸ்டர்ன். கண்ணை மூடித் திறந்தா ஊரு முடிஞ்சுடும்.

ஊரு சின்னது, வரலாறு பெருசு. 1860-கள்ல தங்கம் தேடி வந்த கூட்டத்தோட வந்தவங்க, தங்கம் தீர்ந்ததும் திராட்சை நட்டாங்க. அன்னிக்கு நட்ட கொடிகள்ல சிலது இன்னிக்கும் காய்க்குது. வேலையில்லாம நின்ன சுரங்கத் தொழிலாளிகளை வச்சுப் பாறைக்குக் கீழ கிலோமீட்டர் கணக்குல குகை தோண்டினாங்க. தங்கத்துக்கு இல்ல, ஒயின் பாட்டில் அடுக்க! வெயில் எட்டாது, சூடு ஏறாது. உள்ள நடந்தா எங்க ஊரு கோயில் பிரகாரத்துல நடக்குற மாதிரி ஒரு ஜில்லிப்பு.

அந்தப் பக்கம் ஒரு இடத்துல ருசி பார்க்கக் குடுத்தாங்க. எனக்கு அப்ப ஒயின்னா என்னன்னே தெரியாது. சிவப்பா, துவர்ப்பா, பல்லெல்லாம் கூசற மாதிரி ஏதோ. கச்சல் வாழைக்காயைப் பச்சையாக் கடிச்ச மாதிரி இருந்துச்சு. மூக்கர் மட்டும் கோப்பையை மூக்குல வச்சபடி அப்படியே நின்னுட்டான்.

"மாப்ள, இது ரசம்டா. மிளகு ரசம். இப்பதான் அம்மியில வச்சுத் தட்டின மிளகு."

ஊத்திக் குடுத்த பெரியவர் சொன்னார்: இந்தப் பக்கத்து ஷிராஸுக்கு அதுதான் அடையாளம், நல்லா வச்சிருந்தா இருபது வருஷத்துக்கு மேல தாங்கும்னு. முப்பத்தாறு டாலர். ஆளுக்குப் பன்னெண்டு போட்டு ஒரே ஒரு பாட்டில் வாங்கினோம். மூணு பேருக்கும் சேர்ந்து ஒரு நல்ல நாள் வரும்போது திறக்கிறதுன்னு ஒப்பந்தம். என் வீட்டுல துணி அலமாரிக்குள்ள, பாட்டிலைப் படுக்க வச்சு, மேல தங்கமணியோட பழைய போர்வையைப் போட்டு மூடியாச்சு.

வருஷக்கணக்கா வச்சா உள்ள என்னதான் நடக்குது? எல்லா ஒயினும் வச்சா நல்லாகிடும்னு நம்மாளுங்க நிறையப் பேர் நினைக்கிறாங்க. சுத்தப் பொய். கடையில விக்கிறதுல பெரும்பாலானது வாங்கின ஒண்ணு ரெண்டு வருஷத்துல குடிக்கத்தான் செஞ்சது. வச்சா செத்துப்போயிடும். கொஞ்சம் ஒயினுக்குத்தான் தாங்குற தெம்பு உண்டு. திராட்சைத் தோல்லயும் விதையிலயும் இருந்து வர்ற துவர்ப்பு, கூடவே புளிப்பு, இது ரெண்டும்தான் அதுக்கு முதுகெலும்பு. வருஷம் போகப் போக அந்தத் துவர்ப்புச் சத்தும் நிறச் சத்தும் ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டுப் பெருசாகி, கனம் தாங்காம அடியில மண்டியா இறங்கிடும். அதனாலதான் பழைய சிவப்பு ஒயின் நிறம் வெளுத்து, விளிம்புல செங்கல் நிறமா மாறுது. புதுப் பழத்தோட வாசனை போய், காய்ஞ்ச பழம், தோல், புகையிலை, ஈர மண்ணுன்னு வேற ஒரு உலகம் வருது. நல்லா ஆகுதுன்னு சொல்றதை விட, வேற ஆளா ஆகுதுன்னு சொல்றதுதான் சரி.

ஆஸ்திரேலிய ஷிராஸ் இப்படித் தாங்கும்னு இந்த ஊருக்கே நிரூபிச்சுக் காட்டின மனுஷன் ஒருத்தர் உண்டு. மேக்ஸ் ஷூபர்ட். பென்ஃபோல்ட்ஸ் கம்பெனியில ஒயின் தயாரிச்சவர். 1950-ல ஐரோப்பா போனப்ப, போர்தோவுல நாற்பது ஐம்பது வருஷம் பழசான ஒயினெல்லாம் இன்னும் உயிரோட இருக்கறதைப் பார்த்தார். திரும்பி வந்து 1951-ல ஷிராஸை வச்சு 'கிரேஞ்ச்' ஆரம்பிச்சார். இளசா இருக்கும்போதே குடிச்சுப் பார்த்தவங்க முகம் சுளிச்சாங்க. நசுக்கின எறும்பு மாதிரி இருக்குன்னு கூட ஒருத்தர் எழுதினாராம். 1957-ல நிறுத்துன்னு நிர்வாகம் உத்தரவு போட்டுச்சு. இவர் 57, 58, 59 மூணு வருஷமும் யாருக்கும் தெரியாம ஒளிச்சு வச்சுத் தயாரிச்சார். அதுக்குள்ள பழைய பாட்டிலெல்லாம் பக்குவமாகிக் குடிச்சவங்களை வாய் பிளக்க வைக்க, 1960-ல நிர்வாகமே திரும்பச் செய்யச் சொல்லிடுச்சு. காத்திருந்ததுக்குப் பலன் கிடைச்ச கதை. இதை மூக்கர் எங்களுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பான். காத்திருக்கறதுக்கு ஆதரவா அவன் கையில இருந்த ஒரே ஆயுதம் அது :-)

அப்புறம் நல்ல நாளுங்க வர ஆரம்பிச்சுது.

2003-ல எனக்குக் குடியுரிமை கிடைச்சுது. "இதுக்கா அதைத் திறக்கறது? பீர் போதும்." 2006-ல அண்ணை வீடு வாங்கினார். "இப்பதான் எட்டு வயசு, இன்னும் இளசு." 2009 பிப்ரவரி 7-ஆம் தேதி மெல்பர்ன்ல 46.4 டிகிரி வெயில். மூக்கர் ஃபோன் பண்ணி, "பாட்டில் எப்படி இருக்கு?"ன்னான். நான் ஈரத்துண்டைச் சுத்தி, குளியலறைத் தரையில படுக்க வச்சேன். சாயங்காலம்தான் தெரிஞ்சுது, மாநிலமே எரியுதுன்னு. அந்தத் தீயில 173 பேர் செத்துப்போனாங்க. அந்த நாள்ல ஒரு பாட்டிலுக்காகப் பதறினேன்னு எழுத இப்பவும் வெக்கமா இருக்கு. அதே வருஷம் மே மாசத்துக்கு அப்புறம் அண்ணை வீட்டுல யாருக்கும் எதையும் கொண்டாடற மனசு இல்ல. ரெண்டு மூணு வருஷம் நாங்க அந்தப் பேச்சையே எடுக்கல.

2013-ல மூக்கரோட பொண்ணுக்கு மருத்துவத்துல இடம் கிடைச்சுது. நானே பாட்டிலை வெளிய எடுத்துட்டேன். அவன்தான் தடுத்தான். "பதினஞ்சு வயசு மாப்ள. இப்பதான் வயசுக்கு வந்திருக்கு. இருபதுல பாரு." இருபது வந்துச்சு, 2018. அப்ப அண்ணைக்கு இதயத்துல அடைப்பு, ஆஸ்பத்திரி, மருந்து. அவர் இல்லாம எப்படித் திறக்கறது?

கவனிச்சீங்களா? ஒரு காரணமும் பொய் இல்ல. ஒவ்வொண்ணும் அந்தந்த நேரத்துக்கு நியாயமானதுதான். நியாயமான காரணத்தையே ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இருபத்தஞ்சு வருஷம் ஓட்டியாச்சு.

இந்த இடத்துல மிளகு மேட்டரைச் சொல்லியாகணும்.

அண்ணைக்கு அந்த மிளகு வாசனை எப்பவுமே பிடிபட்டதில்ல. குளிர்ப் பிரதேச ஷிராஸ் எது வாங்கினாலும் மூக்கரும் நானும் "ஆஹா, மிளகு"ன்னு உருகுவோம். அவர் கோப்பையை ஆட்டி ஆட்டிப் பார்த்துட்டு, "நீங்கள் ரெண்டு பேரும் சும்மா கதை விடுறியள் தம்பி. எனக்கு ஒரு மிளகும் மணக்கேல்லை"ம்பார். எட்டு வருஷம் இதை வச்சு அவரை ஓட்டினோம்.

2008-ல அடிலெய்ட்ல இருக்கற ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஷிராஸ்ல வர்ற மிளகு மணத்துக்குக் காரணம் ரோட்டண்டோன்ங்கற ஒரே ஒரு வேதிப்பொருள். நம்ம அஞ்சறைப்பெட்டி மிளகுல இருக்கறதும் சாட்சாத் அதேதான். சிவப்பு ஒயின்ல லிட்டருக்கு 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிஞ்சுடுமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 25 லட்சம் லிட்டர் பிடிக்கற ஒலிம்பிக் நீச்சல் குளம் நிறைய ஒயின் ஊத்தினா, அதுல 40 மில்லிகிராம் போதும். ஒரு சிட்டிகை கூட இல்ல!

ஆனா அதே ஆய்வுல இன்னொண்ணும் இருந்துச்சு. சோதனையில கலந்துக்கிட்டவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு இந்தப் பொருள் எவ்வளவு சேர்த்தாலும் மணக்கவே இல்ல. பிறவியிலேயே அந்த ஒரு வாசனைக்கு மூக்கு கிடையாது. ரசத்துல அவங்களுக்கு உறைக்கறது மிளகோட காரம், அது வேற சரக்கு. இதைப் படிச்சதும் அண்ணைக்கு ஃபோன் போட்டு மன்னிப்பு கேட்டேன். எதிர்முனையில ரெண்டு நிமிஷம் சிரிப்பு. "அப்ப இவ்வளவு நாளும் நான் உண்மை சொல்லியிருக்கிறன். நீங்கள்தான் நம்பேல்லை."

ஒரே கோப்பை, ஒரே மேசை. ஆனா ஒவ்வொருத்தர் குடிக்கறதும் வேற வேற ஒயின். இதை அன்னிக்கே ஒழுங்கா யோசிச்சிருந்தா நாங்க அந்தப் பாட்டிலைத் திறந்திருப்போம்.

2021 கடைசியில, மெல்பர்ன்ல டெல்டா வகைக் கொரோனா பரவினப்ப மூக்கருக்கும் வந்துச்சு. வீட்டோட இருந்து பத்து நாள்ல எழுந்துட்டான். எல்லாம் சரியாப் போச்சுன்னான். நாங்களும் நம்பினோம்.

அண்ணை தேறிட்டார், டாக்டர் எப்பவாவது கொஞ்சம் பரவாயில்லைன்னுட்டார், ஊரடங்கும் முடிஞ்சுது. 2022-ல நான் ஆரம்பிச்சேன், "இப்ப திறப்போமா?" மூக்கர், "இன்னும் ஒரு வருஷம் போகட்டும் மாப்ள." 2023-ல கேட்டேன். "அவசரப்படாதே." 2024-ல எனக்குக் கோபமே வந்துடுச்சு. ஒயின் புத்தகமாப் படிச்சுப் படிச்சு இவனுக்குக் கிறுக்குப் பிடிச்சுடுச்சு, அது வினிகர் ஆனப்புறம்தான் விடுவான்னு தங்கமணிகிட்டப் புலம்பினேன். ஒரு தடவை அவன்கிட்டயே கேட்டுட்டேன், "உனக்கு ஒயின் வேணுமா, இல்ல காத்திருக்கற பெருமை வேணுமா?"ன்னு. பதில் சொல்லாம சிரிச்சுட்டுப் போயிட்டான். அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணுல நிக்குது.

2025 மார்ச்ல ஒருநாள் எங்க வீட்டுக்கு வந்திருந்தான். அடுப்புல பால் வச்சிருந்தோம். அவன் அடுப்புக்குப் பக்கத்துலேயே முதுகைக் காட்டி நின்னு ஃபோன்ல ஏதோ படிச்சுட்டிருந்தான். நானும் தங்கமணியும் வெளியில செடிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்தோம். தீஞ்ச நாத்தம் தோட்டம் வரைக்கும் வந்துச்சு. ஓடிவந்து பார்த்தா பாத்திரம் கருகிப் புகையுது, அவன் ரெண்டடி தள்ளி அப்படியே நிக்கிறான். பெருங்காயம் கூடினதை வாசல்லேர்ந்து சொன்ன மூக்கர்!

தங்கமணிதான் முதல்ல புரிஞ்சுக்கிட்டாங்க. "அண்ணா, உங்களுக்கு வாசனை தெரியலையா?"

அப்பதான் சொன்னான். மூணரை வருஷமா இல்லையாம். நடுவுல கொஞ்ச நாள் காப்பி ரப்பர் எரியற மாதிரி நாறுச்சாம், அப்புறம் அதுவும் போச்சாம். தினம் காலையில ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ்னு நாலு புட்டியை வரிசையா வச்சு மூக்குக்குப் பயிற்சி பண்றானாம். டாக்டர் சொன்ன வைத்தியம் அது. நிறையப் பேருக்குத் திரும்பி வந்திருக்கு. இவனுக்கு இன்னும் வரல. "அதான் மாப்ள தள்ளிப்போட்டேன். மூக்கு வந்துடும், வந்ததும் திறக்கலாம்னு."

நாங்க நினைச்சது, அவன் பாட்டிலுக்காகக் காத்திருக்கான்னு. அவன் காத்திருந்தது மூக்குக்காக.

அஞ்சு மாசம் யோசிச்சுட்டு ஆகஸ்ட்ல அவனே சொன்னான். "திறந்துடலாம். இதுக்கு மேல வச்சா உங்களுக்கும் இல்லாமப் போயிடும்."

பாட்டிலை ரெண்டு நாள் முன்னாடியே நிமிர்த்தி வச்சேன், மண்டி அடியில இறங்க. பழைய கார்க்குக்குச் சாதாரணத் திருகி ஆகாது, உதிர்ந்துடும். ரெண்டு மெல்லிய தகடை ரெண்டு பக்கமும் இறக்கி ஆட்டி ஆட்டி எடுக்கற கருவி ஒண்ணு இருக்கு, அதைக் கடன் வாங்கினேன். (இப்ப இந்தத் தலைவலி கம்மி. 2000-லேர்ந்து கிளேர் பள்ளத்தாக்குக்காரங்க ஆரம்பிச்சு வச்ச திருகு மூடிதான் ஆஸ்திரேலியாவுல பெரும்பாலான பாட்டிலுக்கு.) கார்க் பாதியில உடைஞ்சுது. மீதியை மூக்கர்தான் எடுத்தான். அவன் கை நடுங்கல, என் கைதான் நடுங்குச்சு. கழுத்துக்கு அடியில ஃபோன் வெளிச்சத்தைப் பிடிச்சு மெல்லச் சாய்ச்சு, மண்டி வாய்க்கு வர்றதுக்கு முன்னாடி நிறுத்தினோம். மூக்கர், அண்ணை, அண்ணையோட மனைவி அக்கா, நான்னு நாலு கோப்பை. ஆஸ்திரேலியக் கணக்குல ஒரு பாட்டில்னா சுமார் எட்டு அளவு, ஆளுக்கு ரெண்டுக்கு மேல வராது. மூணு மணி நேரம் அதைத்தான் குடிச்சோம். தொட்டுக்க, அக்கா மிளகாயே போடாம வாட்டின ஆட்டிறைச்சி.

நடுவுல கருஞ்சிவப்பு, விளிம்புல செங்கல். முதல் பத்து நிமிஷம் ரொம்ப நாள் திறக்காத அலமாரி மாதிரி ஒரு வாடை, அவ்வளவுதான். பயந்துட்டேன். அப்புறம் மெல்ல மெல்லத் திறந்துச்சு. காய்ஞ்ச அத்திப்பழம், பழைய தோல்பை, புகையிலை, ஆறின கட்டன் சாயா. எல்லாத்துக்கும் பின்னாடி, தூரத்துல யாரோ அம்மியில தட்டற மாதிரி, மிளகு. இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி கேட்ட அதே மிளகு.

மூக்கரும் பழக்கதோஷத்துல கோப்பையைச் சாய்ச்சு மூக்குல வச்சான். கண்ணை மூடினான். நாங்க யாரும் பேசல.

"ஒண்ணுமில்ல மாப்ள. தண்ணியை மோந்து பாக்கற மாதிரி இருக்கு."

ஒரு வாய் குடிச்சான். ரொம்ப நேரம் வாயிலேயே வச்சிருந்தான். அப்புறம் சொன்னான்: "புளிப்பு தெரியுது. கொஞ்சம் இனிப்பு. ஆனா துவர்ப்பு... 2000-ல இது பல்லுல ஒட்டிச்சே, ஞாபகம் இருக்கா? இப்ப ஒட்டல. நாக்குல பட்டுத்துணி போற மாதிரி போகுது. துவர்ப்புங்கறது தொடு உணர்ச்சிடா, மூக்கு வேண்டாம் அதுக்கு. இது ஒண்ணு மட்டும் உங்களுக்கு எப்படியோ அப்படியே எனக்கும்."

அப்புறம் கோப்பையைக் கீழ வச்சுட்டு, "சரி, ஒவ்வொருத்தரா சொல்லுங்க. என்னென்ன இருக்கு?"ன்னான். இத்தனை வருஷமா அவன் சொல்லி நாங்க கேட்டோம். இப்ப நாங்க சொல்லணும். எனக்குப் பாதி வார்த்தை வாயில வரல. தோலுன்னேன், என்ன தோலுன்னான். செருப்புக்கடைத் தோலா, அப்பா பெல்ட்டுத் தோலா? அப்பா பெல்ட்டுன்னேன். தலையாட்டினான். அக்கா "வேர்த்த புளியம்பழம்" அப்படின்னாங்க. அண்ணை மட்டும், "மிளகைப் பற்றி என்னட்டைக் கேளாதேங்கோ. இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கட்சி"ன்னார். மூக்கர் வாய்விட்டுச் சிரிச்சான்.

தங்கமணி குடிக்கறதில்ல. சும்மா ஒரு தடவை மோந்து பார்த்துட்டு, "எங்க ஆயா அரைக்கற குளியல் பொடி வாசனை இது. கோரைக்கிழங்கு"ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏன்னா ரோட்டண்டோன்ங்கற பேரே கோரைப்புல்லோட தாவரப் பேரான சைப்பரஸ் ரொட்டண்டஸ்லேர்ந்து வந்ததுதான். அந்தப் பொருளை முதல்ல கண்டுபிடிச்சது கோரைக்கிழங்குலதான். கிழங்குல வேற எத்தனையோ வாசனை உண்டு. அவங்க மூக்கு பிடிச்சது அதைத்தானான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா புத்தகம் எதையும் படிக்காத மூக்கு நேரா அங்க போய் நின்னுச்சு.

ஒயின்காரங்க 'தோல், புகையிலை, ஈர மண்'னு அடுக்கறதை நானும் சீன் போடறாங்கன்னு கிண்டல் பண்ணியிருக்கேன். இனிமே பண்ண மாட்டேன். பக்கத்துல இருக்கறவனுக்குக் கிடைக்காத ஒண்ணை அவன் கையில குடுக்க, நம்மகிட்ட வார்த்தையை விட்டா வேற வழி இல்ல.

இப்ப என் கட்சியைச் சொல்லிடறேன்.

பழைய ஒயின் பத்தின பேச்சு, எழுத்து எல்லாத்துலயும் பாட்டிலுக்கு வயசாகறதைப் பத்தியே அளக்கறாங்க. எந்த வருஷம் உச்சம், எப்ப இறங்குமுகம்னு பட்டியல் போடறாங்க. குடிக்கறவனுக்கு வயசாகறதைப் பத்தி யாரும் மூச்சு விடறதில்ல. கொரோனா வராட்டியும், அறுபதைத் தாண்டினா பெரும்பாலானவங்களுக்கு மோப்பம் மெல்லக் குறையத்தான் செய்யும். கண்ணு மங்கினா கண்ணாடி உண்டு. மூக்குக்கு என்ன உண்டு? அப்படின்னா, நாற்பதுல வாங்கின பாட்டிலை எழுபதுல திறக்கறவன் ஒயினைப் பக்குவப்படுத்தலை. தன்னைத்தான் பட்டினி போடறான்.

வைக்கவே கூடாதுன்னு சொல்லலை. அந்த ராத்திரி குடிச்சது 2000-ல இல்லாத ஒண்ணு, காலம் மட்டுமே செய்யக்கூடிய வேலை. வைங்க. ஆனா ஒண்ணே ஒண்ணா வைக்காதீங்க. பாட்டில் ஒத்தையா இருந்தா அது சாமி ஆகிடும், தொட மனசு வராது. மூணு வாங்குங்க, சீக்கிரமே ஒண்ணு, பத்துல ஒண்ணு, இருபதுல ஒண்ணு. காசு பத்தலையா, திறக்கற தேதியை வாங்கின அன்னிக்கே லேபிள்ல எழுதிடுங்க. நல்ல நாளுன்னு எழுதாதீங்க. தேதி எழுதுங்க. அந்தத் தேதியில யாருக்கும் எந்த நல்லதும் நடக்கலைன்னாலும் பரவாயில்ல. எல்லாரும் இருக்கீங்க, எல்லாருக்கும் மூக்கு இருக்கு. அதை விடப் பெரிய விசேஷம் என்ன வேணும்?

இது ஒயினுக்கு மட்டும் இல்லைன்னு உங்களுக்கே தெரியும். எங்க அம்மா ஒரு அரக்குக் கலர் பட்டுப்புடவையை 'நல்லதுக்குக் கட்டலாம்'னு பீரோவுல, அந்துருண்டை போட்டு, முப்பது வருஷம் வச்சிருந்தாங்க. கடைசியில எடுத்துப் பிரிச்சப்ப மடிப்பு மடிப்பாக் கிழிஞ்சுது. அம்மா அழல. மறுபடி மடிச்சு அதே இடத்துல வச்சுட்டாங்க. பாட்டிலாவது கிழியாமக் காத்திருந்துச்சு.

மூக்கர் இன்னும் நாலு புட்டியை மோந்துட்டுதான் இருக்கான். ஒருநாள் கிராம்பு மட்டும் லேசாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சாம், மறுநாள் இல்லையாம். காலிப் பாட்டிலை அவன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டான். எதுக்குடான்னு கேட்டேன். "மூக்கு வந்தா, அடி மண்டியில ஏதாவது மிச்சம் இருக்கும்ல"ன்னான்.

பி.கு: இதை எழுதினதும் போய் ஒரு 2019 கிராம்பியன்ஸ் ஷிராஸ் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணை இந்தச் சனிக்கிழமையே திறக்கறோம். விசேஷம் ஒண்ணும் இல்ல.